மொட்டை மாடியில் ஒரு பாராட்டு விழா

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இன்று முதல் எங்கள் அடுக்ககத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். போட்டியில்லை. பொதுக்குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய் எழுந்து நின்றேன். "சபாநாயகம் சார் எழுந்துட்டார். மனமுவந்து முன்வந்த அவரை வரவேற்கிறோம்" என்று தலைவர் கமலக்கண்ணன் மைக்கில் அறிவித்துவிட்டார். கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் கூட்டத்துக்கு மைக் எதற்கு என்று கேட்கக் கூடாது. அவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கை தட்டினார்கள். தாங்கள் தப்பித்த சந்தோஷம் அந்தத் தட்டலில் நன்றாகவே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஜெகதாவிடம் சொன்னேன்.

"எத்தன மாசத்துக்கு?"

"ஒரு வருஷம்."

"அது அவங்க கணக்கு. நீங்க எத்தன மாசம் இருப்பீங்கன்னு கேட்டேன்."

அலமாரிக்கு மேல் என்னுடைய வயலின் இருக்கிறது. நாலு கீர்த்தனையோடு நின்றுபோனது. பக்கத்தில் சட்டப் படிப்புப் புத்தகங்கள், முதல் வருஷத்துடையவை மட்டும். இன்சூரன்ஸ் கம்பெனி வேலையைக் கடைசி வரை பார்த்து முடித்தேனே என்று ஒரு தடவை வாதாடியிருக்கிறேன். "அவங்க வயசாயிடுச்சுன்னு அனுப்பினாங்க. நீங்களா முடிச்சீங்க?" என்றாள். அவள் பேச்சில் எப்போதும் ஒரு நியாயம் இருந்து தொலைக்கும்.

பதவி வந்திருப்பதால் டைரி எழுதலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்குக் கீழே, சௌந்தரவல்லி இருக்கிறார். ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் இந்துமதியை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். சங்கத்துக்கு அவர் கொடுத்த புகார்கள் ஒரு கட்டு சேர்ந்திருந்தன. எல்லாமே ஒரே புகார். மழை பெய்தால் படுக்கையறை ஒழுகுகிறது.

நேரில் போய்ப் பார்த்தேன். கூரையில் பழுப்புத் திட்டுகள். ஓரங்களில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கட்டில் அறையின் ஒரு மூலையில் சுவரை ஒட்டிக் கிடந்தது. அங்கே மட்டும்தான் சொட்டாதாம்.

"இந்து முழுகாம இருக்கா சார். ஐப்பசில வளைகாப்பு. முடிஞ்ச கையோட இங்க கூட்டிட்டு வரணும். போன மழைக்கு அவ மாமியார் வந்திருந்தப்ப இந்த ரூமப் பாத்துட்டாங்க. ஒழுகுற வீட்ல பச்ச உடம்புக்காரிய எப்படி வெச்சுப்பீங்க, பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்னுட்டாங்க."

"அவங்க சொல்றதும்..."

"தப்பில்ல சார். ஆனா தலப்பிரசவம். இந்து அங்க தண்ணி வேணும்னா கூட வாய் விட்டுக் கேக்க மாட்டா."

மழைக்கு முன் முடித்துவிடலாம் என்றேன். எனக்கு முன்னால் இருந்த செயலாளர்களும் இதையேதான் சொன்னார்களாம். அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை.

"நீங்க மேல ஏறி வந்து பாத்தீங்களே, அதுவே பெரிசு. ரொம்ப நன்றி சார்."

இன்னும் ஒரு செங்கல் நகரவில்லை. அதற்குள் நன்றி. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவசரக் கூட்டம். மேல் மாடிக்காரர்கள் வீடு ஒழுகினால் நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும் என்றார்கள் தரைத்தள வீட்டுக்காரர்கள். மேலே ஊறுவது நாளைக்குக் கீழேயும் இறங்கும் என்றேன். அடுத்தது இரண்டாவது மாடிதானே, செயலாளர் தன் வீட்டைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு படுகிறார் என்று ஒருவர் சொன்னார். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தீர்மானம் நிறைவேறியது.

செப்டம்பர் 15, திங்கள்

வேலை ஆரம்பம். மேஸ்திரி பெயர் பிச்சைமுத்து, திருவண்ணாமலைப் பக்கம். பழைய தட்டோடுகளைப் பெயர்த்துவிட்டு, தளத்தில் தண்ணீர் இறங்காத மருந்து பூசி, மேலே ஜல்லி போட்டு, புதிய தட்டோடு பதிக்க வேண்டும். "அந்த மருந்துதான் சார் உசுரு. ஓடெல்லாம் மேல போர்வதான். மருந்துல கீறல் விழுந்தா எல்லாமே வேஸ்ட்" என்றார்.

காலையிலிருந்து சம்மட்டிச் சத்தம். மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. குழந்தை தூங்கவில்லை. காரில் தூசி. துணி எங்கே காயப்போடுவது. ஒருவர் தன் நாய் சாப்பிடவில்லை என்றார். நாய்க்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

செப்டம்பர் 22, திங்கள்

பாதி மாடி உரித்தாகிவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்வது புகாரை அல்ல, ஒரு நல்ல வார்த்தையை.

செப்டம்பர் 27, சனி

லிஃப்ட்டில் மணல் மூட்டை ஏற்றியதற்காக முதல் மாடிக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டினார். என்னைவிட வயதில் சின்னவர். வீட்டுக்கு வந்து ராஜினாமாவை போனில் தட்டினேன். உடல்நிலை காரணமாக என்று ஆரம்பித்து நன்றாக வந்திருந்தது. ஜெகதாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அனுப்புங்க. அலமாரி மேல இன்னும் எடம் இருக்கு" என்றாள்.

அனுப்பவில்லை. அவள் சொன்னதால் அல்ல. மேஸ்திரி மருந்து பூச ஆரம்பித்திருக்கிறார், நடுவில் ஆள் மாறினால் குழப்பம்.

அக்டோபர் 9, வியாழன்

தட்டோடு பதித்து முடிந்தது. சாயங்காலம் வெறுங்காலோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். செக்கச்செவேலென்று இருக்கிறது. கால் எங்கேயும் தடுக்கவில்லை. யாராவது வந்து பார்ப்பார்கள் என்று இருட்டும் வரை நின்றேன். ஒரு பெண் ஏறி வந்தாள். துணி காயப்போடும் கம்பியை எப்போது திரும்பக் கட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அக்டோபர் 16, வியாழன்

இன்று மாடியில் தண்ணீர் கட்டினார்கள். தண்ணீர் வடியும் குழாய் வாய்களை அடைத்துவிட்டு, கணுக்கால் நனையும் அளவுக்கு மாடி முழுக்கத் தண்ணீர். கீழே ஈரம் காட்டாவிட்டால் வேலை சுத்தம் என்று பொருள்.

"ஒரு வாரம் அசையாம நிக்கணும் சார். நடுவுல வடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது. ஓரமெல்லாம் நான் கை வெச்சது, பயமில்ல. இருந்தாலும் பாத்துடணும்" என்றார் மேஸ்திரி.

சௌந்தரவல்லி வீட்டுக் கூரையில் பழைய திட்டுகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் நன்றி சொன்னார். தினமும் சொல்கிறார். இந்தக் கட்டடத்தில் எனக்கு அதைச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.

இரவு கமலக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். தீபாவளியை முன்னிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்ப சங்கமம், புதிய மொட்டை மாடியிலேயே. அதோடு செயலாளருக்குப் பாராட்டு விழா.

"தண்ணி கட்டியிருக்கே சார்" என்றேன்.

"விழாவுக்கு வடிச்சுட்டு, மறுநாள் திரும்பக் கட்டிக்குங்க. தண்ணிதானே, எங்க ஓடிடப் போவுது? இவ்வளவு பெரிய சாதனை பண்ணிட்டு யார் கண்லயும் காட்டாம இருந்தா எப்படி?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்குப் பாராட்டில் நாட்டம் கிடையாது. ஆனால் சங்கத்தின் ஒற்றுமை என்று ஒன்று இருக்கிறது.

அக்டோபர் 18, சனி

தண்ணீரை வடித்தாயிற்று. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேஸ்திரி அடைப்பை எடுக்கும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நாள் இருக்கே சார் இன்னும்" என்றார். திங்கட்கிழமை மறுபடி கட்டிவிடலாம் என்றேன். "திங்கக்கிழம தீபாவளி" என்றார். அது எனக்கும் தெரியும்.

ஜெகதா பட்டு வேட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது.

காலையிலேயே ஷாமியானாக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெயிலும் மேகமுமாக இருந்தது. காற்று பலமாக அடித்து, கைப்பிடிச் சுவரில் கட்டிய கயிறுகள் போதாமல் துணி பந்து மாதிரி உப்பியது. நடுக் கம்பம் நிற்கவில்லை. நான் அப்போது வேட்டியில் இருந்தேன், போட்டோகிராபர் என்னைச் சுவரோரம் நிறுத்தி முகவாயைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஷாமியானாக்காரர் வந்து, "சார், நடுக்கம்பத்துக்கு ரெண்டு ஆணி எறக்கிக்கட்டுமா? இல்லன்னா சாஞ்சுடும்" என்றார். பார்த்து அடிங்க என்றேன். அப்புறம் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள்.

எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். தரைத்தள வீட்டுக்காரர்கள், நாய்க்காரர், லிஃப்ட் விஷயமாகத் திட்டியவர் எல்லோரும். கமலக்கண்ணன் பேச்சில் என்னை பகீரதன் என்றார். பகீரதன் தண்ணீரைக் கொண்டு வந்தவர், நான் தடுத்தவன். ஆனால் மேடையில் அதையெல்லாம் பார்க்க முடியாது. பொன்னாடை போர்த்தினார்கள். சரிகை கழுத்தில் குத்தியது. கை தட்டல் நிற்கவே இல்லை. அலுவலகத்தில் அத்தனை வருஷத்தில் எனக்காக ஒருவரும் கை தட்டியதில்லை. வழியனுப்பு விழாவில்கூட அன்றைக்கு இரண்டு பேர் ஓய்வு பெற்றோம், தட்டியது மற்றவருக்கு.

சௌந்தரவல்லியையும் பேசச் சொன்னார்கள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "எம்பொண்ணு வரா" என்றார். மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினார். "சாராலதான் எம்பொண்ணு வீட்டுக்கு வரா. அவ்ளோதான்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மைக்கைத் தள்ளிப் பிடித்து இருமிச் சமாளித்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. இதை ஜெகதாவிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தண்ணீர் கட்டவில்லை. மேஸ்திரி ஊரில் இருக்கிறார்.

அக்டோபர் 21, செவ்வாய்

விழாப் படங்களைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பொன்னாடைப் படத்தைச் சட்டம் போட்டு வாசல் கூடத்தில் மாட்டப் போகிறாராம் கமலக்கண்ணன். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன்.

இரவிலிருந்து மழை. நல்ல மழை. தண்ணீர் கட்டுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் 23, வியாழன்

சௌந்தரவல்லி கீழே வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உங்களத் தொந்தரவு பண்ண மனசே வரல சார். பென்சில் போட்ட எடமெல்லாம் நல்லா காஞ்சிருக்கு. ஆனா புதுசா நடுவுல சொட்டுது. இந்துவுக்குன்னு கட்டில இழுத்து நடுவுல போட்டேன். மெத்த நனஞ்சிடுச்சு."

போய்ப் பார்த்தேன். அறையின் சரியான நடுவில், மின்விசிறிக்குப் பக்கத்தில், இரண்டு இடத்தில் ஈரம். இதுவரை அங்கே ஒழுகியதே இல்லையாம். மேஸ்திரிக்கு போன் செய்து கடுமையாகவே பேசினேன். மருந்தில் கலப்படம் இருக்கலாம். இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடியவில்லை.

கமலக்கண்ணன் உடனே குழுவில் எழுதிவிட்டார், தரமற்ற வேலை, மேஸ்திரி மீது நடவடிக்கை என்று. என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை.

அக்டோபர் 25, சனி

மேஸ்திரி தீபாவளிக்குப் போன இடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தார். மாடியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் ஒன்றும் தெரியவில்லை. குடையில்லாமல் நடுவில் போய் நின்றார்.

"ஓரத்துல வந்தா என் தப்புன்னு ஒத்துக்குவேன். நடுவுல எப்டி சார் வரும்? என் கையால பூசின எடம்."

எனக்கென்ன தெரியும் என்றேன். பக்கத்துத் தெரு அடுக்ககத்தில் அவருக்குப் பேசி வைத்திருந்த வேலையைக் கமலக்கண்ணன் போன் போட்டு நிறுத்திவிட்டாராம். அதையும் சொன்னார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜெகதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"ஷாமியானா நடுக்கம்பம் எங்க நின்னுச்சு?"

பீன்ஸ் இந்தத் தடவை முற்றலாக இருக்கிறது. கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. இந்துமதியின் மாமியார் அறையை வீடியோவில் காட்டச் சொல்கிறாராம். சௌந்தரவல்லி இரண்டு நாளாக போன் சரியில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வளைகாப்பு பன்னிரண்டாம் தேதி. காட்டாவிட்டால் வளைகாப்போடு அவர்கள் வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார்கள்.

"விடுங்க சார். நம்ம கைல என்ன இருக்கு? நீங்க ஒருத்தர்தான் இவ்ளோ தூரம் பண்ணீங்க. நான் மறக்க மாட்டேன்" என்றார். பேசும்போது பின்னால் பிளாஸ்டிக் வாளியில் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜீரணக் கோளாறு என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

மழை விட்டு வெயில் வந்தது. காலையில் தனியாக மேலே போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓட்டு இடுக்குகளை விரலால் தடவிக்கொண்டே போனேன். நடுவில் இரண்டு துளை. சுண்டுவிரல் நுழைகிறது. மண் அடைத்துக்கொண்டு மேலுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

ஷாமியானாக்காரர் இறக்கிய ஆணி. இறக்கச் சொன்னது நான். மழை தொடங்கியதுமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கலப்படம் என்று எழுதினேன்.

அங்கேயே உட்கார்ந்து மேஸ்திரிக்கு போன் செய்தேன். சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கே பேசவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"பொன்னாடையெல்லாம் போட்டாங்க மேஸ்திரி."

அந்தப் பக்கம் பெருமூச்சா சிரிப்பா என்று புரியவில்லை. "எனக்கு ஒரு துண்டு கூட போடல" என்றார். பிறகு, வெயில் இருக்கும்போதே கை வைத்துவிட வேண்டும், நாளை மறுநாள் ஆளோடு வருகிறேன் என்றார்.

அக்டோபர் 31, வெள்ளி

சௌந்தரவல்லி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேலே போய்ச் சொன்னேன். தண்ணீரை வடித்ததையும் ஆணியையும் சேர்த்துச் சொன்னேன். மேஸ்திரி மேல் தப்பில்லை என்றேன். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எம்பொண்ணு வரான்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் மைக்ல சொன்னேன் சார்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"ஆணி அடிச்சதும் அதே எடத்துலயா?"

அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் உள்ளே போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது. நானே இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன். இன்று நன்றி கிடையாது. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குழுவில் எழுதினேன். "ஒழுகலுக்குக் காரணம் விழா நாளில் அடித்த ஆணி. அனுமதி கொடுத்தவன் நான். மேஸ்திரி பிச்சைமுத்துவின் வேலையில் குறையில்லை. சபாநாயகம்."

ஐந்து நிமிஷத்தில் கமலக்கண்ணன் படியேறி வந்தார், மூச்சு வாங்க.

"என்ன சார் இது? அந்த மெசேஜ எடுத்துடுங்க. விழாக் குழுத் தலைவர் நான். சட்டம் போட்ட படம் நேத்துதான் வந்துச்சு."

"படத்த மாட்டாதீங்க."

"அப்ப பாராட்டினது பொய்யா?"

"பாராட்டினது நெஜம்தான் சார். வேலை முடியல, அவ்வளவுதான்."

அவர் கையில் இப்போது மைக் இல்லை. ஜெகதா காபி கொண்டுவந்து வைத்தாள், அதைக் குடித்துவிட்டுப் போனார். அவர் கிளம்பும்போது, பக்கத்துத் தெருவுக்கு மறுபடி போன் போட்டு மேஸ்திரியைப் பற்றி உள்ளதைச் சொல்லும்படி கேட்டேன். சரி என்றார். மனுஷன் கெட்டவர் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்றும் இன்றும் வேலை. நடுவில் நாலு தட்டோடு அகலத்துக்கு வெட்டி எடுத்து, அடித்தளம் வரை சுரண்டி, மருந்து பூசி, காயவிட்டு, மறுபடி பதித்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புதிய ஓடு மற்றதைவிட ஒரு நிறம் வெளிர். கண்ணுக்குத் தெரியும்.

மேஸ்திரி அதிகம் பேசவில்லை. போகும்போது, "இந்தத் தடவ எவன் வந்து கேட்டாலும் வடிக்காதீங்க" என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

தண்ணீர் கட்டியாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

கொசு வரும் என்று நாய்க்காரர் வந்தார். துணி காயப்போட இடமில்லை என்று ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பேரனின் பிறந்தநாள், மாடி வேண்டும் என்று முதல் மாடிக்காரர். என்னை இப்போது சார் என்றும் கூப்பிடுவதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை, "இங்க பாருங்க" என்று ஆரம்பிக்கிறார். தர முடியாது என்றேன். செயலாளர்தானே, முதலாளி மாதிரி பேசுகிறீர்கள் என்றார். மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில்.

சாயங்காலம் சௌந்தரவல்லியைப் படிக்கட்டில் பார்த்தேன். மாமியாரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாராம். அவர்களும் வளைகாப்புக்கு முந்தின நாள் அறையைக் காட்டுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம் என்றார்களாம். இதை என் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த கறிவேப்பிலையைப் பார்த்துச் சொன்னார்.

நவம்பர் 8, சனி

கூரையைப் பார்க்க ஜெகதாவை அனுப்புகிறேன். காய்ந்திருக்கிறது என்று வந்து சொன்னாள். தினமும் நானே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

நான் போகாததற்கு அதுதான் காரணமா என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கு அந்த வீட்டுப் படியேற வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

வாரம் முடிந்தது. காலையில் அடைப்பை நானே எடுத்தேன். தண்ணீர் குழாய் வழியாகச் சுழித்துக்கொண்டு இறங்கியது. கூரையில் பொட்டு ஈரமில்லை என்று ஜெகதா வந்து சொன்னாள். சௌந்தரவல்லி அறையை மூலைக்கு மூலை வீடியோவில் காட்டினாராம். மாமியார் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு எதிரே ஜன்னல் இருக்கிறதே, திரை போடுங்கள் என்று மட்டும் சொன்னாராம்.

குழுவில் "பணி நிறைவடைந்தது" என்று எழுதினேன். எல்லோரும் பார்த்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை. துணிக் கம்பியை எப்போது கட்டுவீர்கள் என்று ஒருவர் கேட்டார். மத்தியானமே கட்டிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

விழுப்புரத்தில் வளைகாப்பு. அழைப்பு ஜெகதாவுக்கு மட்டும். போய்விட்டு ராத்திரி அவர்கள் காரிலேயே வந்தாள். இந்துமதி இரண்டு கையும் நிறைய வளையலோடு படியேறிப் போகிற சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிக் கேட்டது. நான் கதவுக்கு உள்ளே நின்றிருந்தேன். ஜெகதா எலுமிச்சை சாதமும் புளியோதரையும் கொண்டுவந்திருந்தாள். உனக்குத்தானே கொடுத்தார்கள் என்றேன். "ரெண்டு பேருக்குக் குடுத்திருக்காங்க, கணக்கு பாக்காம சாப்பிடுங்க" என்றாள்.

நவம்பர் 17, திங்கள்

நேற்று முதல் மழை கொட்டுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை. தெருவில் முழங்கால் தண்ணீர். நான் காலையிலிருந்து கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்து என்ன தெரியும்?

பதினோரு மணிக்குப் பொறுக்க முடியாமல் மேலே போனேன். சௌந்தரவல்லி கதவைத் திறந்தார்.

"பாக்கணுமா?"

தலையாட்டினேன். விலகி வழி விட்டார்.

இந்துமதி ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் அறையின் நடுவில் இருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். பக்கத்தில் நின்று அவரும் பார்த்தார். தலைக்கு மேல் மழை அறைந்துகொண்டிருந்தது. கீழே சொட்டு இல்லை. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

"அவ எழுந்துடப் போறா" என்றார் மெல்ல.

வாசல் வரை வந்தார். ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். எதிர்பார்த்தேன்.

"ஃபேன் போட்டா குளிருதுன்றா. நிறுத்தினா புழுங்குதுன்றா. ராத்திரி பூரா என்னத் தூங்க விடல சார் இவ" என்று அலுத்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

கீழே வந்தேன். தட்டு வைத்துவிட்டு ஜெகதா கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஃபேன் போட்டா குளிருதாம்."

அவள் சிரித்தாள். நான் சாப்பிட உட்கார்ந்தேன். நல்ல பசி.